பழைய நாளிதழில் பை: எதற்குத் தாங்கும், எதற்குத் தாங்காது

பிளாஸ்டிக் பையை வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவெடுத்த முதல் வாரம் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் குப்பைக்கூடைக்குள் போட ஒன்றும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. கடையில் சும்மா கிடைத்த அந்தப் பை சாமானைச் சுமந்து வந்ததோடு நிற்கவில்லை. ஈரக் குப்பையை ஏந்தியது, மழையில் புத்தகத்தை மூடியது, பயணத்தில் செருப்பைச் சுற்றியது, யாருக்காவது எதையாவது கொடுத்தனுப்ப உதவியது. அதை நிறுத்தியதும் அத்தனை வேலையும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றன.

எல்லாவற்றுக்கும் பரணில் கட்டிக்கிடந்த பழைய பேப்பரே போதும் என்றுதான் தொடங்கினேன். போதவில்லை. சில வேலைகளில் நாளிதழ் பிரமாதம், சிலவற்றில் சுமார், ஒன்றிரண்டில் ஆபத்து. இப்போது என் கணக்கு எளிது: தூக்கி எறியப்போகும் பைக்கு நாளிதழ், திரும்பி வர வேண்டிய பைக்குத் துணி. இந்தக் கணக்குக்கு எப்படி வந்தேன் என்பதையும், எங்கெங்கே இது பொருந்தாது என்பதையும் சொல்கிறேன். உங்கள் வீட்டு நிலவரம் வேறாக இருந்தால் முடிவும் வேறாகலாம்.

முதலில் தாளின் குணம்

நாளிதழ்த் தாளை ஒரு நாள் வாழ்வதற்காகத்தான் செய்கிறார்கள். மரத்தை அரைத்துக் கூழாக்கியோ, பழைய தாளையே திரும்பக் கூழாக்கியோ செய்வது அது. அரைக்கும்போது நார்கள் ஒடிந்து குட்டையாகிவிடும். மரத்தை இறுக்கிப் பிடித்திருந்த லிக்னினும் கூழிலேயே தங்கிவிடும். வெயிலில் கிடந்த பேப்பர் சீக்கிரமே மஞ்சளாவதும், வருடக்கணக்கில் கிடந்தது சருகு போல் நொறுங்குவதும் அதனால்தான். பழுப்பு நிறக் காகிதப் பை இருக்கிறதே, அது வேறு இனம். 1879இல் கார்ல் டால் என்ற வேதியியலாளர் ஜெர்மனியில் கண்டுபிடித்த முறையில், மரச் சில்லுகளை ரசாயனத்தில் வேகவைத்து லிக்னினைக் கழற்றிவிடுகிறார்கள். நார் ஒடியாமல் நீளமாக நிற்கிறது. அதன் பெயரே கிராஃப்ட். ஜெர்மன் மொழியில் வலிமை என்று பொருள். இரண்டும் காகிதம்தானே என்று அதன் வேலையை இதற்குக் கொடுத்தால் பாதி வழியில் சாமான் தெருவில் உருளும்.

எடையையும் பார்க்கலாம். நாளிதழ்த் தாள் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 45 கிராம். நகலெடுக்கும் இயந்திரத்தில் போடும் தாள் 70 முதல் 80 கிராம். பெரிய அளவு நாளிதழின் நான்கு பக்கங்கள் சேர்ந்த முழுத்தாள் ஒன்றை விரித்தால் சுமார் 75க்கு 60 செ.மீ. வரும்; எடை 20 கிராம் போல. இதழுக்கு இதழ் அளவு மாறும், அதனால் உங்களுடையதை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது ஈரம். தாளில் நாரும் நாரும் பிடித்துக்கொண்டிருப்பது பசையால் அல்ல, பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பால். தண்ணீர் உள்ளே போனால் அந்தப் பிடி விட்டுவிடும். ஈரம் தாங்குவதற்கென்று எதுவும் சேர்க்காத தாள் முழுக்க நனைந்தால், உலர்ந்திருந்தபோது இருந்த பலத்தில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலே அதிகம். நாளிதழ்ப் பைக்கு எதிரி எடை இல்லை, ஈரம்.

இன்னொன்றையும் கையால் கிழித்துத் தெரிந்துகொள்ளலாம். பெரிய அளவு நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்தால் கோடு போட்டாற்போல் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். ஆலையில் தாள் உருளையாக ஓடும்போது நார்கள் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்வதால் வருவது இது. அரையளவு இதழ்களில் பெரும்பாலும் இது தலைகீழாக, பக்கத்தின் குறுக்கே இருக்கும். நார் ஓடும் திசையில் இழுத்தால் தாள் நன்றாகத் தாங்கும்; அதே திசையில் ஒரு சிறு கிழிசல் விழுந்துவிட்டால் சரசரவென்று ஓடும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பை செய்வதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஈரக் குப்பைக் கூடை

பலரும் திணறும் இடம் இதுதான், நானும் திணறினேன். இதற்கு ஐந்து வழிகள் இருக்கின்றன: ஒன்றுமே விரிக்காமல் கூடையைக் கழுவுவது, பேப்பரை அப்படியே உள்ளே விரிப்பது, ஒட்டிய காகிதப் பை, மடித்த காகிதப் பை, விலை கொடுத்து வாங்கும் மக்கும் பை.

பேப்பரை அப்படியே விரிப்பது ஐந்தே நொடி வேலை. ஆனால் கவிழ்க்கும்போது குப்பை ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம் என்று விழும். நனைந்த தாள் கூடையின் அடியில் ஒட்டிக்கொள்ள, அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டுவதற்குப் பதில் ஒன்றும் போடாமல் கழுவியிருக்கலாமே என்று தோன்றும். ஈரம் குறைந்த குப்பைக்கு மட்டும் இது சரி.

ஒட்டிய பை பார்ப்பதற்கு அழகு. கூடைக்குள் கச்சிதமாக உட்காரும், அடி தட்டையாக நிற்கும். நான் முதலில் செய்ததும் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டி அடுக்கி வைத்தேன். மறுநாள் காலையில் பையைத் தூக்கினேன். பை கையில் வந்தது, அடிப்பாகம் கூடையிலேயே இருந்தது. தப்பு என்னுடையதுதான். மாவுப் பசை நீரில் கரையும். குப்பையின் நீர் போய்ச் சேர்வதும் அடியில்தான், பையின் ஒட்டுகள் அத்தனையும் கூடுவதும் அடியில்தான். நீரில் கரையாத கோந்தால் ஒட்டலாமே என்றால், வெள்ளைக் கோந்து என்று விற்பது பெரும்பாலும் ஒரு வகை பிளாஸ்டிக்கை நீரில் கலக்கி வைத்ததுதான். பிளாஸ்டிக்கை விரட்டக் கிளம்பியவர் பிளாஸ்டிக்காலேயே ஒட்டுவதா என்று எனக்கு மனசு வரவில்லை.

மடித்த பை இந்தச் சிக்கலை ஒரே அடியில் தீர்க்கிறது. அதில் ஒட்டே கிடையாது. முழுத்தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நீளத்தில் மிஞ்சுவதை வெட்டிச் சதுரமாக்குங்கள். வெட்டிய பட்டைகளை ஓரமாக வையுங்கள், வேலை இருக்கிறது. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம் வரும். நீளமான மடிப்பு உங்கள் பக்கம், கூர்முனை எதிர்ப்பக்கம். வலது மூலையைத் தூக்கி, எதிரே இருக்கும் இடப்பக்கச் சாய்வு ஓரத்தின் மீது வையுங்கள். அப்படி வைக்கும்போது மடிந்த துண்டின் மேல்விளிம்பு, அடியிலிருக்கும் நீள மடிப்புக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். அதுதான் சரியான இடத்துக்கு அடையாளம். இடது மூலையையும் அதேபோல வலப்பக்கம் கொண்டுபோங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனை முன்னொன்று பின்னொன்றாகப் பிரியும். முன்னால் இருப்பதை முன்பக்க மடிப்புக்குள் செருகி, பின்னால் இருப்பதைப் பின்பக்கம் மடித்துவிட்டு வாயைத் திறந்தால் பை. சின்ன வயதில் காகிதத்தில் தண்ணீர் குடிக்கிற குவளை மடித்தவர்களுக்குக் கை தானாகவே போகும். இது அதேதான், அளவுதான் பெரிது.

60 செ.மீ. சதுரத்தில் மடித்தால் வாய் சுமார் 35 செ.மீ. அகலம், ஆழம் 25 செ.மீ. போல, அடி குறுகி 15 செ.மீ.க்குள் வரும். வெட்டாத ஒரே தாள் சுற்றிக்கொண்டு வருவதால் வாய்க்குக் கீழே எங்கும் திறப்பு இல்லை. நீர் தாளை ஊறித்தான் வெளியே வர முடியும், இடுக்கு வழியாகச் சொட்ட முடியாது. ஓரமாக வைத்த பட்டைகளைக் கசக்கி அடியில் போட்டால் ஊறுவது இன்னும் தள்ளிப்போகும். குப்பையைப் போடுமுன் சல்லடையில் நீரை வடித்துவிட்டால், ஒரு பகலும் ஒரு இரவும் கவலையில்லை. இரண்டாம் நாளுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். தினமும் குப்பையை வெளியே எடுக்காத வீட்டுக்கு இது ஒத்துவராது. பெரிய தொட்டிக்கும் ஒத்துவராது. நான்கு தாள் போட்டு முரட்டுத்தனமாக மடித்துப் பார்த்தும் பயனில்லை.

தாள் செலவையும் பார்த்துவிடலாம். இரண்டு அடுக்குப் பை ஒன்றுக்கு இரண்டு முழுத்தாள். 16 பக்க நாளிதழில் நான்கு முழுத்தாள் இருக்கும், ஆக ஒரு நாள் இதழில் இரண்டு பை. தினம் ஒரு பை என்றால் பாதி இதழ்தான் செலவு, மீதி சேர்ந்துகொண்டே போகும். பையின் எடை 32 கிராம் சொச்சம். மெலிதான பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால் பல மடங்கு. பொருள் அளவில் பார்த்தால் காகிதம் எப்போதும் தோற்கும் பந்தயம் இது. ஆனால் இந்த 32 கிராம் ஏற்கெனவே படித்து முடித்த 32 கிராம், பைக்கென்று யாரும் புதிதாகச் செய்ததில்லை. கணக்கு மாறுவது அந்த இடத்தில்தான். அதையே இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். சுத்தமான பழைய நாளிதழ் மறுசுழற்சி ஆலைக்கு நல்ல மூலப்பொருள். காகித நாரை ஐந்து முதல் ஏழு முறை வரை திரும்பத் திரும்பக் கூழாக்கலாம் என்பார்கள். குப்பை பட்டு நனைந்த தாளை ஆலை எடுத்துக்கொள்ளாது. உங்கள் பேப்பர் ஒழுங்காகப் பழைய பேப்பர் வாங்குகிறவரிடம் போய்க்கொண்டிருந்தால், எல்லாவற்றையும் பையாக மாற்றுவது அவ்வளவு பெரிய புண்ணியம் இல்லை. தேவைக்கு மடியுங்கள், மீதியை எடைக்குப் போடுங்கள்.

மக்கும் பை என்று விற்கிறார்களே

ஒருமுறை வாங்கினேன், கையில் பிடித்தால் பிளாஸ்டிக் மாதிரியே இருக்கிறது, அடியும் ஒழுகவில்லை. வசதியில் இதை அடிக்க ஆளில்லை. தயக்கம் பெயரில்தான்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நேப்பரும் ரிச்சர்ட் தாம்ப்சனும் பல வகைப் பைகளைத் திறந்த வெளியிலும் மண்ணிலும் கடல்நீரிலும் மூன்று வருடம் வைத்துப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். உயிர்ச்சிதைவுறும் என்ற பெயரோடு வந்த பை, மூன்று வருடம் மண்ணிலோ கடலிலோ கிடந்த பிறகும் சாமான் சுமக்கும் நிலையில் இருந்தது. உரமாகும் வகை என்று விற்ற பை கடல்நீரில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் இருந்தது, எடை வைத்தால் மட்டும் கிழிந்தது. ஆக உயிர்ச்சிதைவுறும் என்பதும் உரமாகும் என்பதும் ஒன்றல்ல. உரமாகும் என்று சான்று பெற்றவையும் பெரும்பாலும் தொழிற்சாலை அளவு உரக்கூடத்தில், 58 பாகை செல்சியஸ் அளவுச் சூட்டில் சோதிக்கப்பட்டவை. வீட்டுத் தொட்டியில் அந்தச் சூடு வந்தாலும் நிலைக்காது. உங்கள் ஊரில் அப்படி ஒரு உரக்கூடம் இருந்து, அது இந்தப் பைகளை ஏற்றுக்கொள்கிறது என்றால் வாங்குங்கள், நியாயமான தேர்வுதான். இல்லாவிட்டால் பெயருக்குத்தான் காசு.

நாளிதழ் மட்டும் கண்டிப்பாக மக்கிவிடுமா? இங்கேதான் நம் ஆட்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறோம். அமெரிக்காவின் அரிசோனாவில் வில்லியம் ராத்ஜி என்ற தொல்லியல் அறிஞர் 1973இல் குப்பையை ஆராயும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். 1980களின் பிற்பகுதியில் அவரது குழு குப்பைமேடுகளையே தோண்டத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் புதைந்துகிடந்த நாளிதழ்கள் தலைப்புச் செய்தி படிக்கும் நிலையில் வெளியே வந்தன. காற்றும் ஈரமும் போகாமல் அழுத்திப் புதைத்துவிட்டால் காகிதமும் அப்படியே கிடக்கும். அதனால் உங்கள் குப்பை கடைசியில் எங்கே போகிறது என்று தெரியாமல் எந்தப் பை நல்லது என்று தீர்மானிக்க முடியாது.

வீட்டிலேயே உரம் போடுகிறவர்களுக்கு நாளிதழ்ப் பை எல்லா மாற்றையும் விட மேல். சமையலறைக் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் கூடுதல், தாளில் கார்பன் கூடுதல், ஈரம் இல்லை. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும், நாற்றமும் குறையும். ஒரே நிபந்தனை, பையை முழுசாகப் போடாமல் கிழித்துப் போட வேண்டும். மடிப்பு மடிப்பாகப் போனால் அடை அடையாக ஒட்டிக்கொண்டு காற்றை மறித்துவிடும். வழவழப்பான வண்ண இணைப்புகளை உரத்துக்கும் போட வேண்டாம், பைக்கும் வேண்டாம். மேலே பூச்சு இருப்பதால் ஈரத்தை உறிஞ்சவும் செய்யாது, சீக்கிரம் மக்கவும் செய்யாது.

ஒட்டிய பையின் இடம்

ஈரக் குப்பையில் தோற்றதற்காக ஒட்டிய பையைக் கைவிட்டுவிடவில்லை. உலர்ந்த, லேசான, ஒருவரிடம் கொடுத்தால் திரும்பி வராது என்று தெரிந்த பொருளுக்கு அதுதான் சரி. ஒரு சட்டை, இரண்டு புத்தகம், பரிசுப்பொருள், பயணத்தில் ஒரு ஜோடி செருப்பு இப்படி.

முழுத்தாளின் 75 செ.மீ. பக்கத்தில் 3 செ.மீ. ஒட்டுவதற்கு விட்டால் 72 மிஞ்சும். முன்னும் பின்னும் 24, பக்கங்கள் 12 என்று பிரித்து மடித்தால் குழாய். 60 செ.மீ. உயரத்தில் மேலே 5 செ.மீ.யை உள்ளே மடித்து, கீழே 8 செ.மீ.யை அடிக்கு ஒதுக்கினால், 47 செ.மீ. உயரத்தில் பை நிற்கும். இந்த அமைப்பில் பெரிய இதழின் நார் மேலிருந்து கீழாக ஓடும், சுமை இழுக்கும் திசையும் அதுவே. அரையளவு இதழென்றால் கிழித்துப் பார்த்துத் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். தாளை இரட்டையாகப் போட்டால் தாங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடியில் பழைய அட்டை ஒன்றை அளவாக வெட்டிப் போட்டால் பை பாதி காப்பாற்றப்பட்டது.

காதுதான் தொல்லை. துளை போட்டுக் கயிறு கோத்தால், துளையில் தொடங்கும் கிழிசல் நாரோடு சேர்ந்து நேரே அடிவரைக்கும் இறங்கிவிடும். மேல்மடிப்புக்குள் அட்டைப் பட்டை ஒன்றை வைத்து, அட்டையோடு சேர்த்துத் துளைத்தால் நிற்கும். நான் இப்போது காதே வைப்பதில்லை. அடியில் கை கொடுத்துத் தூக்குகிற எடைதான் இந்தப் பைக்கு ஏற்ற எடை என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

பசைக்கு ஒரு பங்கு மாவு, ஐந்து பங்கு நீர், கட்டி விழாமல் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளறினால் பளபளப்பாகக் கெட்டியாகும், அவ்வளவுதான். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பது புத்தகம் கட்டுகிறவர்கள் வழக்கம். அது விஷம், வீட்டில் குழந்தைகள் தொடுகிற பைக்கு வேண்டாம். அதற்குப் பதில் பத்துப் பதினைந்துக்கு மேல் செய்து அடுக்கி வைக்காமல் இருந்தால் போதும். மாவுப் பசை என்றால் ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. பரணில் ஆறு மாதம் கிடந்த என் கட்டு ஒன்றில் ஓட்டை விழாத பை இரண்டுதான் மிஞ்சின. பிளாஸ்டிக் ஒட்டுநாடாவால் ஒட்டி முடித்துவிட்டு பிளாஸ்டிக் இல்லாத பை என்று சொல்வதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஒரு சின்ன விலகல். இந்தத் தட்டை அடி சாதாரணமாக வந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் காகிதப் பைகள் உறை போலத்தான் இருந்தன, நிற்காது. தட்டை அடிப் பையை இயந்திரத்தில் மடித்து ஒட்டும் வழியை அமெரிக்காவில் மார்கரெட் நைட் என்ற பெண் கண்டுபிடித்தார். அவர் இயந்திரத்தைப் பார்த்த ஒருவர் தன் பெயரில் காப்புரிமை கேட்டுவிட, வழக்காடி வென்று 1871இல் உரிமையைப் பெற்றார். அடியை நான்காவது முறையாகத் தப்பாக மடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கதை கொஞ்சம் ஆறுதல்.

உணவுக்கு மட்டும் வேண்டாம்

இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. நாளிதழ் மை பெரும்பாலும் காய்ந்து இறுகுவதில்லை, தாளுக்குள் ஊறித்தான் நிற்கிறது. படித்து முடித்ததும் விரல் கறுப்பதற்குக் காரணம் அதுதான். மையில் பெரும்பாலும் கனிம எண்ணெய் இருக்கிறது. மறுசுழற்சித் தாளென்றால் பழைய மைகளின் மிச்சமும் சேர்ந்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் சூடும் உள்ள பண்டம் அவற்றை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். சோயா எண்ணெய் மை என்றாலும் அதில் நிறமிகள் இல்லாமல் போவதில்லை. அச்சடித்த தாளில் உணவைச் சுற்றாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரிப்பது இதற்காகத்தான். தோல் உரித்துச் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் எடுத்துச்செல்ல இது போதும் என்பார்கள். நான் அதற்கும் துணிப்பையே எடுக்கிறேன்.

கடைக்கு எடுத்துப்போக

எடையும் ஈரமும் சேர்ந்த வேலை இது, நாளிதழ் இங்கே போட்டியிலேயே இல்லை. துணியா, பழுப்புக் காகிதமா, துணி மாதிரி தோன்றும் அந்த மலிவுப் பையா என்பதுதான் கேள்வி. கடைசியாகச் சொன்னதை ஒரு கணம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்த இழை இருக்காது, புள்ளி புள்ளியாக அழுத்திய தடம்தான் தெரியும். பாலிபுரொப்பிலீன் அது, பிளாஸ்டிக்தான். துணிப்பை என்று நம்பிப் பல வீடுகளில் சேர்த்து வைத்திருக்கிறோம்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான சுற்றுச்சூழல் முகமை 2011இல் ஒரு ஒப்பீடு வெளியிட்டது. சுமார் 8 கிராம் எடையுள்ள சாதாரணப் பிளாஸ்டிக் பையை ஒரே முறை பயன்படுத்தினால் புவி சூடாவதில் என்ன பங்கு வருமோ, அதற்குக் கீழே போக மற்ற பைகளை எத்தனை முறை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டார்கள். காகிதப் பை 3 முறை, பாலிபுரொப்பிலீன் பை 11 முறை, பருத்திப் பை 131 முறை. டென்மார்க்கில் 2018இல் வந்த ஆய்வு, தண்ணீர், ஓசோன் என்று எல்லாப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்து, பருத்திக்கு ஆயிரக்கணக்கில் எண்ணைச் சொன்னது. இந்த எண்களைக் காட்டி அப்படியானால் பிளாஸ்டிக்தான் நல்லது என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

எண்கள் தப்பில்லை. ஆனால் அவை புதிதாக விளைத்து, நூற்று, நெய்து, தைத்த பைக்கான எண்கள். தெருவில் பறக்கும் குப்பையாக, சாக்கடையை அடைக்கும் அடைப்பாக ஒரு பை ஆவதை அந்த 2011 கணக்கு எடுத்துக்கொள்ளவும் இல்லை. கிழிந்த கால்சட்டையின் காலை வெட்டி அடியைத் தைத்தால் வரும் பைக்கு 131 எங்கே பொருந்தும்? அந்தப் பருத்தியின் கடன் கால்சட்டையாக இருந்தபோதே தீர்ந்துவிட்டது. படித்து முடித்த நாளிதழுக்கும் இதே நியாயம்தான். அந்த ஆய்வு எனக்குச் சொன்ன செய்தி ஒன்று: புதுத் துணிப்பை வாங்காதே. விழாவில் கொடுத்தார்கள், கூட்டத்தில் கொடுத்தார்கள் என்று அலமாரியில் இருபது துணிப்பை தூங்கினால், அவை பிளாஸ்டிக்கை விட மோசம். இரண்டை எடுத்து வாசல் கொக்கியில் மாட்டுங்கள், மற்றதைக் கொடுத்துவிடுங்கள். கொக்கியில் மாட்டாத பை கடைக்கு வந்ததே இல்லை, குறைந்தபட்சம் என் வீட்டில்.

கிராஃப்ட் காகிதப் பை கையில் வந்துவிட்டால் மூன்று முறையாவது எடுத்துப்போங்கள். காது அறுந்ததும் உலர்ந்த மறுசுழற்சிப் பொருள்களைச் சேர்த்து வைக்க அதை விட நல்ல பெட்டி கிடையாது. அப்புறம், மாதவிலக்கு அணையாடைகளைச் சுற்றிப் போடவும், செல்லப்பிராணியின் கழிவை எடுக்கவும் நாளிதழ்த் துண்டு போதும். இதற்கெல்லாம் பை மடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, வெறும் சதுரங்களாக வெட்டிக் குளியலறையில் வைத்தால் ஆயிற்று.

பேப்பரே வராத வீடு

இது வரைக்கும் சொன்னதெல்லாம் வாசலில் நாளிதழ் விழும் வீட்டுக்கு. கைப்பேசியில் செய்தி படிக்கிறவர்கள் கேட்கிறார்கள், பைக்காக ஒரு பேப்பர் போடச் சொல்லலாமா என்று. வேண்டாம். அப்படி வாங்கினால் அது பழைய பேப்பர் ஆகாது, பைக்கென்று புதிதாகச் செய்த காகிதமாகிவிடும். மேலே போட்ட கணக்கு முழுக்கக் கவிழ்ந்துபோகும். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கலாம். அச்சில்லாத பொட்டலக் காகிதம் வந்தால் அதை மடிக்கலாம். மை பயமும் இல்லை.

அதுவும் இல்லையென்றால் ஐந்து வழிகளில் முதலில் சொன்னதுதான் மிச்சம்: ஒன்றும் விரிக்காமல் கூடையைக் கழுவுவது. நாங்கள் வெளியூர் போய் வந்து பேப்பர் தீர்ந்துபோன வாரங்களில் அப்படித்தான் ஓட்டினோம். மூடியுள்ள சின்ன எஃகு வாளி, அடியில் ஒரு கை காய்ந்த இலையோ மரத்தூளோ, இரவில் கவிழ்த்துவிட்டு ஒரு குவளைத் தண்ணீரில் அலசல். அலசிய நீர் செடிக்குப் போனது. பிளாஸ்டிக் வாளியில் கறையும் நாற்றமும் பிடித்துக்கொள்கிறது, எஃகில் பிடிப்பதில்லை. வாளி மாற்றுவதாக இருந்தால் அதை மட்டும் பார்த்து வாங்குங்கள். மறுபடி பேப்பர் வரத் தொடங்கியதும் மடிப்புக்குத் திரும்பினோம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னமும் வெறும் வாளிதான். அன்றைக்கு மடிக்க யாருக்கும் மனசு வருவதில்லை.